‘காலமானார்’ என்று எழுதாதவள்

மெடம், நீங்கள் அவளிடம் ஒரு பொய்க்குக் கையெழுத்துக் கேட்டீர்கள்.

மெதுவான குரலில், "பிள்ளை" என்று கூப்பிட்டுத்தான் கேட்டீர்கள். மெதுவாகக் கேட்டதால் அது பொய் இல்லை என்று ஆகிவிடாது. நீங்கள் கேட்கும்போது நானும் அங்கே இருந்தேன். போனில் என் முகம் தெரிந்திருக்காது. மறைப்புக்குப் பின்னால் தேங்காய் துருவிய கையோடு நின்றேன். அவளைப் பற்றி உங்களுக்குத் தெரியாததை முதலில் சொல்கிறேன். பிறகு உங்களிடம் வருகிறேன்.

புளியங்குளம் சந்தியில் எனக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. கடைக்குப் பின்னால் ஒரு அறை. போருக்குப் பிறகு அரசாங்கத்தின் புனர்வாழ்வு முகாமில் இருந்து வெளியே வந்து, வேறு இரண்டு மூன்று இடங்களில் இருந்து பார்த்துவிட்டு அவள் அந்த அறைக்கு வந்தாள். இயக்கத்தில் வழங்கல் பகுதியில் இருந்தவள். அரிசி, மா, பருப்பு, சவர்க்காரம், எது எந்த இடத்துக்கு எப்போது போய்ச் சேர வேண்டும் என்று பார்ப்பதுதான் அவளுடைய வேலை. "துவக்குத் தூக்கினதைவிட சாக்குத் தூக்கினதுதான் கூட அன்ரி" என்பாள். சொந்த ஊர் தண்ணீரூற்று. அங்கே தமையன் குடும்பம் இருக்கிறது. தன்னுடைய மகளுக்குக் கலியாணம் பேசி முடியும்வரைக்கும் வீட்டுப் பக்கம் வர வேண்டாம் என்று தமையன் சொல்லியிருந்தான். கலியாணம் முடிந்தது. பிறகும் கூப்பிடவில்லை. அவளும் போகவில்லை.

விடியப்புறம் எனக்குக் கடையில் கை கொடுப்பாள். பகலில் சந்திக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு நெல் களஞ்சியத்தில் வேலை. பின்னேரம் வந்து கதவைச் சாத்தினால் மற்ற நாள்தான் முகம் தெரியும்.

அவளோடு இருப்பது லேசான காரியம் இல்லை. தெரிந்ததை மறைக்க மாட்டாள். தெரியாததைச் சொல்லவும் மாட்டாள். கேட்க நல்லாய்த்தான் இருக்கும். அப்படி ஒரு ஆளைச் சாப்பாட்டுக் கடையில் வைத்துப் பாருங்கள், அப்போது விளங்கும்.

ஒரு நாள் காலை, சனம் குறைந்த நேரம், ஒரு லொறிக்காரன் வந்து, "புட்டு இப்ப அவிச்சதோ தங்கச்சி?" என்று கேட்டான்.

"இல்லை அண்ணை. விடிய அவிச்சது. ஆறிப்போச்சு."

அவன் எதிர்க் கடைக்குப் போய்விட்டான். எனக்கு வந்ததே கோபம்.

"சூடா இருக்கு எண்டு சொன்னா உன்ர வாய் என்ன அவிஞ்சு போயிடுமோ?"

"சூடில்லையே அன்ரி."

"குழம்பு சூடுதானே. ஊத்தினா புட்டும் சூடாகும்."

"அவர் குழம்பைக் கேக்கேல்லையே."

அதற்குப் பிறகு சனம் குறைந்த நேரத்தில் அவளை முன்னுக்கு நிற்க விடுவதில்லை. குசினிக்குள் கலைத்து விடுவேன்.

மோட்டார்சைக்கிளில் ஒருவர் மாதத்துக்கு ஒரு தடவை வருவார். சீருடை இல்லை. என்ன வேலையாய் வருகிறவர் என்று சந்தியில் எல்லோருக்கும் தெரியும். பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டு, "பின்னறையில இருக்கிற ஆளைப் பாக்க யார் யார் வாறவை?" என்று கேட்பார்.

"ஒருத்தரும் வாறேல்லை ஐயா. நீங்கள்தான் வாறியள்" என்றேன் ஒரு முறை. அவர் சிரித்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. தைப்பொங்கலுக்கு நான் கடையைப் பூட்டிவிட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவேன். ஒரு வருடம் திரும்பி வந்து, "பொங்கினியோ?" என்று கேட்டேன்.

"இல்லை அன்ரி. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுறது எண்டு பிடிபடேல்லை. எனக்கு எல்லாம் அம்பது பேருக்குத்தான் கணக்கு."

சொல்லிவிட்டு என்னுடைய பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். அடுத்த பொங்கலுக்கு வா என்று நான் அவளைக் கூப்பிட்டேன். தங்கச்சியின் மனுசன் முகத்தைச் சுளிப்பான் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும் போல. வரவில்லை.

ஒரே ஒரு முறை அவளைத் தேடி ஆள் வந்தது. முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கத்து ஒரு தாய். கழுத்தில் செபமாலை, கையில் மகனுடைய படம். வழங்கலில் இருந்த பிள்ளை ஒன்று இங்கே இருக்கிறது என்று கேள்விப்பட்டு, பஸ் மாறி மாறி வந்திருந்தார். இப்படிப் படத்தோடு வருகிற தாய்மாருக்கு நாங்கள் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வோம். "எங்கையாவது இருப்பான் அம்மா, மன்றாடுங்கோ." நானும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இவரைத் தெரியும் அம்மா. எங்கட வாகனம் ஓடினவர். செல் விழுந்து செத்திட்டார். நானும் இன்னும் ரெண்டு பேருமாத்தான் தாட்டனாங்கள்."

அந்தத் தாய் கையை ஓங்கி அவளுடைய கன்னத்தில் அறைந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழும்பிவிட்டார்கள். அவள் அசையவில்லை. எந்த இடம், பக்கத்தில் என்ன மரம் நின்றது, என்ன உடுப்போடு புதைத்தார்கள், எல்லாவற்றையும் நின்ற நிலையில் சொன்னாள். அந்தத் தாய் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். ஊருக்குப் போய் மகனுக்குத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை.

அன்றைக்கு நான் அவளை ஏசினேன். "உனக்கு ஈவிரக்கம் இல்லையோ? பெத்தவளுக்கு இப்பிடியோ சொல்லுறது?"

"கேட்டவா அன்ரி. பாத்ததைச் சொல்லாம விட்டா அவா இன்னும் எத்தினை பஸ் ஏறுவா?" கன்னத்தில் விரல் அடையாளம் அப்படியே கிடந்தது.

இதைக் கவனமாய் வாசியுங்கள் மெடம். செத்தவனைச் செத்துவிட்டான் என்று சொல்ல அவளுக்கு ஒரு நாளும் நா கூசியதில்லை.

இனி உங்கள் படிப்பு விசயம்.

நெல் களஞ்சிய முதலாளிக்கு அவளில் நல்ல விருப்பம். "நீ மனேஜரா இருந்தா நான் நிம்மதியா நித்திரை கொள்ளுவன் பிள்ளை. ஆனா பாங்கில கேப்பாங்கள், என்ன படிச்சவ எண்டு. ஒரு கடதாசியைக் கொண்டா, மனேஜர் கதிரையைத் தாறன்" என்று சொல்லியிருந்தார். அவள் உயர்தர வகுப்பில் இருந்தபோது இயக்கத்துக்குப் போனவள். வெளியே வந்த பிறகு அந்தப் பரீட்சையைத் தனியாக எழுதினாள். பள்ளிக்கூடச் சட்டையோடு வந்த பிள்ளைகளுக்கு நடுவில் சீலை உடுத்திக்கொண்டு இருந்து எழுதிப் பாஸானாள். பாங்குக்கு அது காணாது, இன்னும் மேலே படித்திருக்க வேண்டும் என்றார்கள். பெரிய படிப்புக்குப் போவதென்றால் வேலையை விட வேண்டும், யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ அறை எடுக்க வேண்டும். அவளுக்கு அது நடக்கிற காரியம் இல்லை.

அப்போதுதான் உங்கள் விளம்பரம் வந்தது. போரில் படையில் இருந்தவர்களுக்கும் புனர்வாழ்வு பெற்றவர்களுக்கும் சேர்த்து, வெளிநாட்டுக் காசில், வியாபார முகாமைத்துவப் படிப்பு. பகுதிநேரம். சனி ஞாயிறில் இணையவழி வகுப்பு. இருந்த இடத்தில் இருந்து படிக்கலாம். வேலை அனுபவம் உள்ளவர்களை அதை வைத்தே எடுப்பார்கள். அவள் போனில் அதை வாசித்தாள். திரும்பவும் முதலில் இருந்து வாசித்தாள்.

"அன்ரி, இது எங்களுக்கும்தானாம்."

அந்த 'எங்களுக்கும்' என்பதை அவள் சொன்ன விதம் எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது.

பழைய மேசை ஒன்று வாங்கினாள். படிப்பு ஆங்கிலத்தில் என்றபடியால் ஒவ்வொரு பின்னேரமும் அறைக்குள் இருந்து சத்தமாகச் சொல்லிப் பழகுவாள். "ஐ வாஸ் இன் சார்ஜ் ஒஃப் சப்ளை." சுவருக்கு இந்தப் பக்கம் நான் மா அரித்துக்கொண்டு இருப்பேன். "ஐ வாஸ் இன் சார்ஜ்." அந்த அறையில் கதைச் சத்தம் கேட்டது அந்த நாட்களில்தான். யாரோ விருந்தாளி வந்து இருந்து அவளோடு கதைப்பது போல இருக்கும்.

நேர்முகமும் போனில்தான். கவரேஜ் கடைக்குள்தான் ஒழுங்காக வரும் என்பதால் அன்றைக்கு மத்தியானம் கடையைப் பூட்டினேன். வடை வைக்கிற கண்ணாடி அலுமாரியில் போனைச் சாய்த்து வைத்தோம். அவள் வெள்ளைச் சட்டை போட்டு, தலையை இழுத்துக் கட்டி, நிமிர்ந்து இருந்தாள். யாரோ ஒருவன் கதவைத் தட்டினான்.

"கடை பூட்டு. உள்ளுக்கை சோதினை நடக்குது" என்றேன்.

"சாப்பாட்டுக் கடையில என்ன சோதினை? இடியப்பம் புழியவோ?"

"ஓமடா, நீயும் வந்து எழுதிப் பெயிலாகு. போ அங்கால."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். கேள்வி கேட்க உங்களோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். மூன்று பேரிலும் தமிழ் தெரிந்தது உங்களுக்கு மட்டும்தான். விண்ணப்பித்தவர்களில் நாலு பேரை ஒன்றாக எடுத்திருந்தீர்கள். முதலில் தெற்கைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆமி அதிகாரி ஒருவர். கிளிநொச்சிப் பக்கம் படைக்குச் சாப்பாட்டுச் சாமான் வழங்குவதைப் பார்த்தவராம். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் தலையாட்டிக்கொண்டு இருந்தீர்கள். அடுத்தது அவள். பாடமாக்கிய ஆங்கில வசனம் அவளுக்கு மறந்து போய்விட்டது. தமிழில் சொன்னாள்.

"நானும் வழங்கல்தான். அதே காலம், அதே இடம். மற்றப் பக்கம்."

நீங்கள் அதை மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தீர்கள். அந்த அதிகாரி தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் கேட்டார்.

"அப்போ எங்க இறைச்சி டின் பெட்டி எல்லாம் எடுத்தது நீங்கதானா?"

"மீன் டின்தான் சேர். இறைச்சி டின் எங்களுக்குக் கிடைக்கேல்லை."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கவில்லை. என்னுடைய மனுசனைக் கொன்ற செல் எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு அவளை ஒரு ஆளாக மதித்துக் கதைத்தது அவர் ஒருவர்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு நீங்கள் கேட்டீர்கள். அனுபவத்தைக் காட்டிச் சேருகிறவர் தனக்கு மேலே இருந்தவரின் பெயரும் விலாசமும் தர வேண்டும் என்பது உங்கள் விதி. அவள் தன்னுடைய பொறுப்பாளரின் பெயரைக் கொடுத்திருந்தாள். விலாசத்தைக் கொடுக்கவில்லை. போரின் கடைசியில் அவர் சரணடைந்தவர். ஆமிக்காரர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதோடு சரி. எங்கே என்று இன்றைக்கு வரைக்கும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

"இவர் இப்ப எங்க?"

"தெரியாது மெடம். ஒப்படைச்சது தெரியும்."

"உயிரோட இல்லைத்தானே?"

"தெரியாது."

நீங்கள் கண்ணாடியைக் கழற்றினீர்கள். குரலைத் தாழ்த்தினீர்கள். "பிள்ளை, இதைப் பெரிசாக்கத் தேவையில்லை. விலாசம் கேட்ட இடத்தில 'காலமானார்' எண்டு ஒரு சொல்லைப் போடுங்கோ. பிறகு உங்கட கிராம சேவகர் உங்களை உறுதிப்படுத்தி ஒரு கையெழுத்து வைச்சா காணும். ஒருத்தரும் தோண்டிப் பார்க்க மாட்டினம். உங்களுக்கு இடம் இருக்கு. ஒரு கிழமை தாறன்."

எனக்குப் பெரிய சந்தோசம். கிராம சேவகர் என்னுடைய கடையில்தான் சாப்பிடுகிறவர். அன்றைக்கே கையெழுத்து வாங்கியிருப்பேன். அவள் போனை நிற்பாட்டினாள். கடைக் கதவைத் திறந்து விட்டாள். குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள்.

"என்னடி, எழுதன்."

"எப்பிடி அன்ரி எழுதுறது?"

"விசர்க் கதை கதைக்காத. இத்தினை வருசமாச்சு. அவர் இனி எங்க இருந்து வரப்போறார்? எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப தெரிஞ்ச ஆக்கள் எழுதட்டும். நான் பாத்தது அவர் உயிரோட ஏறினதை."

மூன்று நாள் சண்டை. கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்தப் பொறுப்பாளரின் மனைவி கிளிநொச்சியில் இருக்கிறார். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் சொந்தங்கள் பதில் கேட்டு வீதியோரத்தில் கொட்டில் போட்டு இருக்கிறார்களே, அதில் ஒருவர். இவள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் வருவாள். என்னத்துக்கு என்று நான் கேட்டதில்லை. அவரே எழுதச் சொன்னால் இவள் எழுதுவாள் என்று நினைத்தேன். இழுத்துக்கொண்டு போனேன்.

தறப்பாள் கொட்டில். பிளாஸ்ரிக் கதிரைகள். மடியில் படத்தை வைத்துக்கொண்டு அந்த அம்மா இருந்தார். இவளை முந்திக்கொண்டு நான் எல்லாவற்றையும் சொன்னேன். படிப்பு, கதிரை, ஒரு சொல், ஒரு கிழமை. அவர் படத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எழுது பிள்ளை" என்றார். "நான் கோவிக்க மாட்டன். உன்ர சீவியம் கிடக்கு."

பார்த்தாயா என்று நான் அவளை இடித்தேன். அந்த அம்மா போத்தலில் இருந்து எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினார். ஊற்றிக் கொடுத்துவிட்டு, தன்னுடைய கதிரையை அவளுக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"சரி, சொல்லு."

அவள் சொன்னாள். "நீலச் சேட்டு. இடது கையில ஒரு பை. முழங்காலில காயம், அதால கம்பியைப் பிடிச்சுத்தான் ஏறினவர். யன்னல் பக்கம் இருந்தவர். என்னைக் கண்டிட்டுக் கையைக் காட்டினவர்."

"எப்பிடிக் காட்டினவர்?"

அவள் தன்னுடைய கையை நெஞ்சளவுக்கு உயர்த்தி, விரலை மட்டும் அசைத்துக் காட்டினாள்.

"ஓம்" என்றார் அந்த அம்மா. "அவர் அப்பிடித்தான் காட்டுறவர்."

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பியும் பார்க்கவில்லை. இது மாதா மாதம் நடக்கிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த அம்மாவுக்கு ஒரு புதுச் செய்தியும் அதில் இல்லை. ஆனாலும் முதல் தடவை கேட்கிற மாதிரி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் வெளியே பார்த்துக்கொண்டு கேட்டாள். "எழுதிப்போட்டு அடுத்த மாதம் போய் நான் என்னத்தை அன்ரி சொல்லுறது?"

எனக்கு இன்னும் கோபம் வந்தது. "அவாவே எழுதச் சொல்லிட்டா!" என்று பஸ்ஸுக்குள் கத்தினேன்.

"அவா பாக்கேல்லை அன்ரி. நான்தான் பாத்தனான். நானும் செத்திட்டார் எண்டு எழுதிக் குடுத்தா, நாளைக்கு அதையே காட்டி, அவரோட நிண்ட ஆளே சொல்லிட்டா எண்டு அவாவுக்குச் சொல்லுவினம்."

கடைசி நாள் அவள் எழுதி அனுப்பினாள். "அவர் உயிரோடு பஸ்ஸில் ஏறியதைக் கண்டேன். அதன் பிறகு எங்கே என்று எங்களுக்கு எவரும் சொல்லவில்லை." உங்களிடம் இருந்து வந்த பதில், விண்ணப்பம் முழுமையானது இல்லை என்பதுதான். யார் முடிவு செய்தது என்று பெயர்கூட இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்றது. களஞ்சியத்தில் அந்தக் கதிரைக்கு வேறு ஒருவர் வந்தார். அவள் கொஞ்ச நாள் சாக்குகளோடு நின்றாள். பிறகு ஒரு அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது பஸ் நிற்கிற இடம் வரைக்கும் நான் மட்டும்தான் போனேன். முதலில் எப்போதாவது போன் எடுப்பாள். "நல்லா இருக்கிறியோ?" என்று கேட்டால், "வேலை இருக்கு அன்ரி" என்பாள். "சாப்பாடு?" "தருவினம்." நல்லா இருக்கிறேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போது போனும் இல்லை.

அவள் போன பிறகு நான் ஒரு முறை கிளிநொச்சிக்குப் போனேன். அந்த அம்மா அவளைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். சும்மா இருக்க மனம் வராமல், நான் கேட்டதை நான் சொல்லத் தொடங்கினேன். நீலச் சேட்டு, இடது கையில பை. பாதியில் என்னுடைய கையைப் பிடித்து நிற்பாட்டிவிட்டார்.

"வேண்டாம். நீ பாக்கேல்லைத்தானே."

இதையெல்லாம் நான் எழுதாமல் விட்டிருப்பேன். போன கிழமை பேப்பரில் உங்கள் படம் வந்தது. வவுனியாவில் ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறீர்கள். இரண்டு பக்கத்தாரும் ஒன்றாய் இருந்து படிக்க வழி செய்தோம், ஆனால் புனர்வாழ்வு பெற்ற பெண்கள் முன்வருவதில்லை, அவர்களுக்குத் தயக்கம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். ஒருத்தி முன்வந்தாள் மெடம். உங்களுக்கு முன்னால் நிமிர்ந்து இருந்து கதைத்தாள்.

எனக்குக் கடிதம் போட வேண்டாம். போனும் எடுக்க வேண்டாம். 'காலமானார்' என்று எழுதச் சொன்னது நீங்கள். அப்படியென்றால் உங்களுக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும். எந்த இடத்தில்? யார் கண்டது? எங்கே தாட்டிருக்கிறது? கிளிநொச்சிக்கு வாருங்கள். அந்தக் கொட்டிலுக்கு முன்னால் வீதியில் நின்று, அங்கே இருக்கிற அத்தனை பேரும் கேட்க, அவருடைய மனைவிக்குச் சொல்லுங்கள். தெரியாது என்றால், தெரியாது என்று சொல்லுங்கள். அதையும் அங்கேயே நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்.